வாரத்துக்கு ஒரு மணி நேரம்

(கரடியூரில் கணினி அறிவியல் ஆய்வு மாணவர்களும் நெறியாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏற்காடு ஏறி, அங்கிருந்து இந்தக் கரடியூருக்கு வந்து சேர்ந்திருக்கிறீர்கள். சிலருக்கு இன்னும் தலைசுற்றல் நிற்கவில்லை என்பது முகத்திலேயே தெரிகிறது. ஆகவே மெதுவாகவே தொடங்குகிறேன்.

முன்வரிசையில் கணினி அறிவியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கும் ஆய்வு மாணவர்கள். பக்கத்தில் அவர்களுடைய நெறியாளர்கள். பின்வரிசையில் இந்த ஊர்க்காரர்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டம் தொடங்குமுன் அவர்களில் ஒரு பெரியவர் என்னிடம், “பி.எச்டி.ன்னா அது என்ன படிப்புங்க, எத்தனை வருசத்துல முடியும்?” என்று கேட்டார். நல்ல கேள்வி. இங்கே இருக்கும் பலருடைய வீட்டிலும் தினம் கேட்கப்படும் கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

ஐயா, பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் வாத்தியார் கேட்கிற கேள்விக்கு வாத்தியாருக்கு விடை தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறார். முனைவர் பட்டத்தில்தான் முதல்முறையாகக் கேட்பவருக்கும் விடை தெரியாது, படிப்பவருக்கும் தெரியாது, உலகத்தில் யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து, அதில் கொஞ்ச தூரம் போய், ‘இதுவரை தெரிந்தது இது, நான் சேர்த்தது இது’ என்று சொல்லத் தெரிந்துகொள்வதுதான் இந்தப் படிப்பு. 22 வயது வரை விடை தெரிந்த கேள்விகளிலேயே நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிப் பழகிய ஒருவர், இப்படி இருட்டில் தனியாக நடக்கச் சிரமப்படுவார். அதனால்தான் கூட ஒரு நெறியாளரை வைத்தார்கள். எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டீர்கள். அது அந்த நெறியாளர் எவ்வளவு நேரம் கூட நடக்கிறார் என்பதைப் பொறுத்தது. இன்றைய பேச்சு முழுவதும் அந்த நேரத்தைப் பற்றித்தான்.

நம்முடைய விதிகளில் எண்களுக்குக் குறைவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட ஒழுங்குமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 6 ஆண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் கூடுதலாக 2 ஆண்டு. மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்கு 240 நாள் வரை விடுப்பு. ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேர் வரை, இணைப் பேராசிரியர் 6 பேர் வரை, உதவிப் பேராசிரியர் 4 பேர் வரை வழிநடத்தலாம். ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் ஒவ்வொரு பருவத்திலும் ஒருமுறை மாணவர் தன் முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும். எல்லாம் தேவையான விதிகள்தாம். ஆனால் நெறியாளரும் மாணவரும் எத்தனை நாளுக்கு ஒருமுறை உட்கார்ந்து பேச வேண்டும் என்பதற்கு அதில் ஓர் எண் கிடையாது.

பருவத்துக்கு ஒரு குழுக் கூட்டம் என்றால் மூன்று ஆண்டில் ஆறு கூட்டம். கூட்டத்துக்கு அரை மணி என்று வைத்தால் மொத்தம் மூன்று மணி நேரம். பலருடைய ஆய்வைப் பற்றி வேறொருவர் கருத்தூன்றிக் கேட்ட நேரம் அவ்வளவுதான். அதே மூன்று ஆண்டில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் நெறியாளரோடு உட்கார்ந்தால், விடுமுறைகளைக் கழித்தாலும் 130, 140 மணி நேரம் வரும். மூன்றுக்கும் நூற்று முப்பதுக்கும் உள்ள வித்தியாசம் ஆய்வேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும்.

இந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கும்? அதைச் சொல்ல உங்களைத் தாம்பரத்துக்கு அழைத்துப்போகிறேன்.

1970-களின் தொடக்கம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அப்போது கணினி அறிவியல் என்று தனித் துறை கிடையாது. கணிதத்தில் ராணி சிரோமணி, புள்ளியியலில் அவருடைய கணவர் கிஃப்ட் சிரோமணி. ராணி சிரோமணியிடம் ஆய்வு செய்துகொண்டிருந்தவர் கமலா கிருத்திவாசன். இந்த மூவரும் கையில் எடுத்த கேள்வி வாசலில் கிடந்தது: கோலத்துக்கு இலக்கணம் எழுத முடியுமா?

கேட்டால் விளையாட்டுப்போல இருக்கும். உள்ளே போனால் எவ்வளவு கூர்மையான கேள்வி என்று தெரியும். மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1956-இல் மொழிகளுக்கு ஒரு கணித இலக்கணத்தைத் தந்திருந்தார். ஒரு குறியை எடுத்துவிட்டு அதன் இடத்தில் சில குறிகளை வை. அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டு இன்னும் சிலவற்றை வை. இப்படியே மாற்றிக்கொண்டு போனால் கடைசியில் ஒரு வாக்கியம் கிடைக்கும். இன்று நீங்கள் எழுதும் ஒவ்வொரு நிரலையும் கம்பைலர் படித்துப் புரிந்துகொள்வது இந்த வழியில்தான். வாக்கியம் ஒரே கோட்டில் போவது. நடுவில் ஒரு குறிக்குப் பதில் மூன்று குறி வைத்தால் மற்றவை தள்ளிக்கொண்டு நிற்கும், தொல்லையில்லை. கோலம் அப்படி இல்லை. அதற்கு நீளமும் உண்டு, அகலமும் உண்டு. புள்ளிக் கட்டத்தின் நடுவில் ஒரு கட்டத்தை எடுத்துவிட்டு மூன்று கட்டத்தை வைத்தால், அந்த ஒரு வரிசை மட்டும் நீண்டு, செவ்வகம் கோணலாகிவிடும். கோணலாகாமல் படத்தை வளர்ப்பது எப்படி? இதுதான் சிக்கல்.

அவர்கள் கண்ட வழிகளில் ஒன்று எளிமையும் அழகும் உள்ளது. முதலில் கிடைமட்டமாக ஒரு வரிசையை மட்டும் இலக்கணப்படி உண்டாக்கு. பிறகு அந்த வரிசையின் ஒவ்வொரு குறியிலிருந்தும் ஒரு நெடுவரிசை கீழ்நோக்கி வளரட்டும். எல்லா நெடுவரிசைகளும் ஒரே சமயத்தில், ஒரே அளவில் வளர வேண்டும். செவ்வகம் குலையாது. 1972, 1973, 1974 என்று அடுத்தடுத்து இந்தக் கேள்வியைச் சுற்றிக் கட்டுரைகள் வந்தன. 1974-இல் வந்த கட்டுரையின் தலைப்பிலேயே கோலம் இருந்தது. அதே ஆண்டில் கமலா கிருத்திவாசன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ‘சிரோமணி அணி இலக்கணம்’ என்ற பெயர் இன்றும் உலகெங்கும் படமொழிக் கோட்பாட்டுக் கட்டுரைகளில் வருகிறது. 2002-இல் அமெரிக்கன் சயன்டிஸ்ட் இதழில் மார்சியா ஆஷர் என்ற கணித அறிஞர் கோலத்தைப் பற்றி விரிவாக எழுதியபோது, தாம்பரத்துக் குழுவின் பணியை உலக வாசகர்கள் முன் வைத்தார்.

நெறியாளர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கேள்விக்குச் சரியான அளவு இருந்தது. ‘மனித மூளை படத்தை எப்படிப் புரிந்துகொள்கிறது?’ என்று கேட்டிருந்தால் ஆயுள் போதாது. ‘இந்த ஒரு கோலத்தைக் கணினியில் வரைவது எப்படி?’ என்று கேட்டிருந்தால் ஒரு மாதத்தில் முடிந்திருக்கும். முனைவர் பட்டம் கிடைத்திருக்காது. இரண்டுக்கும் நடுவில், ஏற்கெனவே வலுவாக நிற்கும் ஒரு கோட்பாட்டின் ஓரத்தில், ‘ஒரு பரிமாணத்தில் நடப்பது இரண்டு பரிமாணத்தில் ஏன் நடக்கவில்லை?’ என்று கேட்டார்கள். விடை சரியா தவறா என்று சோதித்துப் பார்க்க ஊரெல்லாம் வாசல்கள் இருந்தன. இந்த அளவை ஒரு புதிய மாணவர் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. பலமுறை பெரிதாகக் கேட்டு, சிறிதாகக் கேட்டு, திருத்தித் திருத்தித்தான் சரியான அளவுக்கு வர முடியும். வாரம் ஒரு மணி நேரம் முதலில் செலவாகும் இடம் அதுதான்.

அந்தப் பயிற்சி ஒரு தலைமுறையோடு நிற்பதும் இல்லை. கமலா கிருத்திவாசன் 1975-இல் சென்னை ஐ.ஐ.டி.யின் கணினி அறிவியல் துறைக்குப் போனார். அங்கே அவரிடம் ஆய்வு செய்து 1993-இல் முனைவரானவர்களில் ஒருவர் மீனா மகாஜன். தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் இருந்துகொண்டு வி. வினயோடு சேர்ந்து 1997-இல் அவர் எழுதிய கட்டுரை, பள்ளியில் நாம் எல்லோரும் போட்ட அணிக்கோவைக் கணக்குக்கு முற்றிலும் புதிய, வகுத்தலே தேவைப்படாத ஒரு சேர்வியல் வழியைத் தந்தது. அவரிடம் ஆய்வு செய்தவர்களில் சிலர் இன்று மறுபடியும் சென்னை ஐ.ஐ.டி.யில் அதே துறையில் ஆசிரியர்கள். ஒருவர் கோலத்தில் தொடங்கினார், அடுத்தவர் அணிக்கோவைக்குப் போனார், அதற்கடுத்தவர்கள் வேறெங்கோ. கேள்விகள் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறிவிட்டன. கேள்வியைச் சரியான அளவுக்கு வெட்டும் பழக்கம் கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1929-இல் பிறந்த ராணி சிரோமணி, எழுபது வயதைக் கடந்த பிறகும் இளைய ஆய்வாளர்களோடு சேர்ந்து டி.என்.ஏ. கணிமை பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். 2019-இல் மறைந்தார்.

இனி நெறியாளரின் வேலையில் இன்னும் கடினமான பாதி. கேள்வியைக் கொடுத்தாகிவிட்டது. மாணவர் வேறு வழியில் போகிறேன் என்கிறார். அப்போது என்ன செய்வது?

ராஜ் ரெட்டியை உங்களுக்குத் தெரியும். சித்தூர்ப் பக்கம் காட்டூரில் 1937-இல் பிறந்து, கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-இல் பட்டம் பெற்றவர். ஸ்டான்போர்டில் ஜான் மெக்கார்த்தியிடம் ஆய்வு செய்து 1966-இல் முனைவரானார். கணினித் துறையின் மிக உயர்ந்த டூரிங் விருது 1994-இல் எட்வர்டு ஃபைகன்பாமோடு அவருக்குக் கிடைத்தது. பேச்சைக் கணினி புரிந்துகொள்வது அவருடைய துறை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவரிடம் வந்த மாணவர் கை-ஃபூ லீ. மனித வல்லுநரின் அறிவை விதிகளாக எழுதிக் கணினிக்குக் கொடுப்பது அன்றைக்கு ரெட்டி காட்டிய பாதை. லீ கொஞ்ச காலம் அதில் போய்ப் பார்த்துவிட்டு, புள்ளியியல் வழியில்தான் இது நடக்கும், ஏராளமான பேச்சுப் பதிவுகளைக் கொடுத்துக் கணினியையே கற்கவிட வேண்டும் என்றார். நெறியாளரின் வழிக்கு நேர் எதிர்வழி. ரெட்டி தனக்கு அதில் உடன்பாடில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். சொல்லிவிட்டு, ஆனாலும் உனக்குத் துணை நிற்கிறேன் என்று வேண்டிய வசதிகளையும் ஏற்பாடு செய்தார். இதை லீயே பிற்காலத்தில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். 1988-இல் லீயின் ஆய்வேடாக வந்த ஸ்பிங்க்ஸ், யார் பேசினாலும், நிறுத்தாமல் பேசினாலும், ஏறத்தாழ ஆயிரம் சொற்களை அடையாளம் கண்ட அமைப்பு.

இங்கே தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. காப்பிக் கன்றுக்கு சில்வர் ஓக் நிழல் வேண்டும். செடி வளர வளரக் கிளையைக் கழிக்காவிட்டால் அதே நிழலே காய்ப்பைக் கெடுக்கும். எந்த வருடம் எவ்வளவு கழிப்பது என்று தோட்டத்துக்குத் தினம் போகிறவருக்குத்தான் தெரியும். ரெட்டி தன் மாணவரோடு வாதாடி, அவர் தரப்பைக் காதுகொடுத்துக் கேட்டதால்தான் துணிந்து விட்டுக்கொடுக்க முடிந்தது. மாணவரைப் பருவத்துக்கு ஒருமுறை பார்க்கும் நெறியாளர் இரண்டில் ஒன்றைத்தான் செய்வார்: எல்லாவற்றையும் மறுப்பார், அல்லது எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுவார்.

அந்த ஒரு மணி நேரம் கிடைக்காத மாணவர் என்ன ஆகிறார்? இங்கே கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில், கேள்வியைத் தானே தேடிப்போக வழி தெரியாமல் தலைப்பைத் தேடுகிறார். போன வருடத்து ஆய்வேடுகளில் ‘இமேஜ் பிராசஸிங்’, ‘டேட்டா மைனிங்’, ‘வயர்லெஸ் சென்சார் நெட்வொர்க்’ என்று இருந்தால் இவரும் அதில் ஒன்று. இன்றைக்கு ‘டீப் லேர்னிங்’. இணையத்திலிருந்து ஒரு தரவுத் தொகுப்பை இறக்கிக்கொள்கிறார். ஏற்கெனவே ஒருவர் 96.8 சதவீதம் துல்லியம் காட்டியிருக்கிறார்; இரண்டு முறைகளை ஒட்டுப்போட்டு இவர் 97.4 காட்டுகிறார். ‘ஏன் கூடியது?’ என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் பதில் இல்லை. அதுவும் முடியாதபோது நகரத்தில் ‘பிராஜெக்ட் சென்டர்’ என்று பலகை போட்ட மாடிப்படி ஏறுகிறார். நிரலும் அங்கே, கட்டுரையும் அங்கே, ஆய்வேடும் அங்கே. மாணவரை மட்டும் திட்டிப் பயனில்லை. பேச ஆள் இல்லாதவர் காசு கொடுத்தாவது ஆள் தேடுவார்.

அந்த 97.4-க்கு என்ன மதிப்பு என்பதற்கு ஓர் உண்மைச் சான்று சொல்கிறேன். பயிர் நோய்களை இலைப்படத்திலிருந்து கண்டுபிடிப்பது நம் மாணவர்களுக்கு மிகப் பிடித்த தலைப்பு. இதற்குப் பெரும்பாலோர் எடுப்பது ‘பிளான்ட் வில்லேஜ்’ என்ற தொகுப்பு; 54,000-க்கும் மேற்பட்ட இலைப்படங்கள், 14 பயிர்கள். 2016-இல் இதை வைத்து வந்த புகழ்பெற்ற கட்டுரை 99.35 சதவீதத் துல்லியம் காட்டியது. ஆனால் அதை எழுதியவர்கள் நேர்மையானவர்கள். வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது துல்லியம் 31 சதவீத அளவுக்கு இறங்கிவிட்டது என்பதையும் அதே கட்டுரையில் எழுதினார்கள். ஒரே பின்புலத்தில், பறித்துவைத்த ஒற்றை இலையைப் படமெடுத்தால் கணினி கெட்டிக்காரனாகத் தெரியும். தோட்டத்தில் விட்டால் விழிக்கும். 99-ஐப் படித்துவிட்டு 100-க்குப் போக முயன்ற ஆய்வேடுகள் எத்தனையோ. ‘31 ஏன்?’ என்று நெறியாளர் ஒருவர் எதிரே உட்கார்ந்து ஒருமுறை கேட்டிருந்தால் அவற்றில் பலவற்றின் போக்கே மாறியிருக்கும்.

கட்டுரை எண்ணிக்கை என்ற தொல்லையும் உண்டு. 2016 ஒழுங்குமுறையின்படி ஆய்வேடு கொடுக்குமுன் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையும் இரண்டு கருத்தரங்க உரைகளும் கட்டாயம். 2022-இல் மானியக் குழு அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. 2025 பிப்ரவரியில் ‘கேர்’ என்ற அங்கீகரிக்கப்பட்ட இதழ்ப் பட்டியலையும் கைவிட்டது. இனி எது நல்ல இதழ் என்று பல்கலைக்கழகமே முடிவு செய்ய வேண்டும். கட்டாயம் போனதில் எனக்கு மகிழ்ச்சிதான். பணம் வாங்கிக்கொண்டு பத்து நாளில் வெளியிடும் இதழ்கள் கொழுத்ததே அந்தக் கட்டாயத்தால்தான். ஆனால் பட்டியல் செய்துவந்த வேலையை இனி யார் செய்வது? கணினி அறிவியலில் சிறந்த முடிவுகள் பல முதலில் கருத்தரங்குகளில்தான் வெளியாகின்றன. கோட்பாட்டுக் கணினி அறிவியலுக்காக 1981-இலிருந்து நம் நாட்டில் ஆண்டுதோறும் எஃப்.எஸ்.டி.டி.சி.எஸ். மாநாடு நடக்கிறது. அதில் ஒரு கட்டுரை ஏற்கப்படுவது எளிதல்ல. ஸ்கோப்பஸ் தரவுத்தளத்தில் உள்ள கட்டுரை எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் அலுவலகத்துக்கு அந்த அருமை தெரியாது. எங்கே அனுப்புவது, எதற்குக் காத்திருப்பது என்பதை மாணவருக்குச் சொல்லித்தரப் பட்டியலால் ஆகாது. அதற்கும் அந்த ஒரு மணி நேரம்தான்.

சரி, நெறியாளர் நேரத்துக்கு எங்கே போவார்? நியாயமான கேள்வி. மானியக் குழுவின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு, பேராசிரியருக்கு 14. எட்டு ஆய்வு மாணவர் இருந்தால் ஆளுக்கொரு மணி என்று எட்டு மணி சேர்த்து 22. இதற்குமேல் விடைத்தாள், நாக் தர மதிப்பீட்டு ஆவணம், சேர்க்கைப் பணி. தலைக்குமேல் வேலை என்பதில் சந்தேகமில்லை. அப்படியானால் எட்டுப் பேரை எடுக்காதீர்கள். எட்டு என்பது உச்சவரம்பு. நிரப்பியாக வேண்டிய இலக்காக அதை எண்ண வேண்டாம். டொனால்டு நூத் தன் வாழ்நாள் முழுவதிலும் வழிநடத்தி முடித்த முனைவர்கள் 28 பேர். உலகின் மிகப் பெரிய கணினி அறிஞர்களில் ஒருவருக்கே அவ்வளவுதான். மூன்று பேரை எடுத்து மூன்று பேரையும் ஆளாக்கினால் உங்கள் பெயர் நிற்கும்.

மாணவரின் நேரத்துக்கும் விலை உண்டு. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்றவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டாண்டுக்குப் பின் 42,000. பிரதமரின் ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்குத் தொடக்கமே 70,000. இவர்கள் முழு நேரமும் ஆய்வில் இருக்கலாம். ஆனால் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் நமக்குத் தெரிந்த ஆய்வு மாணவர்களில் பெரும்பாலோருக்கு இந்தப் பணம் இல்லை. சுயநிதிக் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டு, பகுதி நேரமாகப் பதிவு செய்து, சனிக்கிழமை பஸ் பிடித்து நெறியாளரைப் பார்க்கப் போகிறார்கள். போனால் ‘சார் மீட்டிங்கில் இருக்கிறார், அடுத்த வாரம் வாங்க’. பெண்களுக்கு இன்னும் கடினம். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்த சனிக்கிழமை அது. விதி இவர்களுக்கு இரண்டாண்டு கூடுதலாகத் தந்திருக்கிறது. அந்த இரண்டாண்டைவிடக் குறித்த நேரத்தில் தவறாமல் நடக்கும் ஒரு மணி நேரச் சந்திப்பு இவர்களுக்கு அதிகம் உதவும். பஸ்ஸில் வர முடியாத வாரம் செல்போனில் பேசுங்கள். பேசாமல் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. நம் மாணவர்களில் பலர் தமிழ்வழியில் படித்தவர்கள். கருத்து தெளிவாக இருக்கும். ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கியதும் நாக்கு உலர்ந்துவிடும். நெறியாளர் அதைப் பார்த்து ‘இவனுக்கு ஒன்றும் தெரியவில்லை’ என்று முடிவு கட்டிவிடுவார். கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதட்டும். எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் தமிழில் நடக்கட்டும். தன் சந்தேகத்தைத் தன் மொழியில் சொல்ல முடியாத இடத்தில் யாரும் புதிதாக எதையும் யோசிக்க மாட்டார்கள்.

கேள்விக்கு எங்கே போவது என்கிறீர்களா? இந்த மலையிலேயே இருக்கிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்து வைத்தார். அந்த அரபிகாவுக்கு இன்றைக்கும் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டு. அதன் புழு தண்டுக்குள் குடைந்துகொண்டிருக்கும். வெளியே தெரியும்போது செடி பாதி போயிருக்கும். நம் ஆய்வேடுகளோ இலையைப் படமெடுத்துக்கொண்டிருக்கின்றன! இலை வாடுமுன்பே தண்டில் உள்ள புழுவைக் கருவியால் அறிய முடியுமா? ஒலியாலா, அதிர்வாலா, வெப்பத்தாலா? தோட்டத்துக்காரரிடம் அரை நாள் பேசாமல் இந்தக் கேள்வி பிறக்காது. நான் சொன்ன அந்தத் தொகுப்பின் 14 பயிர்களில் காப்பி இல்லவே இல்லை என்பதையும் சேர்த்து எண்ணிப்பாருங்கள்.

1963-இலிருந்து ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. பூவை வைத்து ஆர்க்கிட்டை அடையாளம் சொல்வது எளிது. பூக்காத மாதங்களில் இலையும் தண்டும் மட்டும் இருக்கும்போது கணினி சொல்லுமா? சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் பேசும் தமிழை எந்தப் பேச்சறி மென்பொருளாவது புரிந்துகொள்கிறதா? சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் குழு இந்திய மொழிகளுக்குப் பெரிய அளவில் பேச்சுப் பதிவுகளைத் திரட்டி எல்லோருக்கும் திறந்துவைத்திருக்கிறது. அதை அடித்தளமாக வைத்து, கொஞ்சமே பதிவுகள் உள்ள ஒரு வட்டார வழக்கைக் கணினிக்குக் கற்பிப்பது எப்படி என்பது உலகம் முழுவதற்கும் தேவைப்படும் கேள்வி. இந்த ஊர் மக்களின் சம்மதத்தோடு, அவர்களுக்கும் பயன்படும் வகையில் செய்ய வேண்டிய வேலை அது. உள்ளூர்ச் சிக்கலை எடுத்தால் ஆய்வு சிறுத்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்குத் தாம்பரத்துக் கோலமே பதில்.

இனி, அந்த ஒரு மணி நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாணவர் முதல்நாளே ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும்: போன வாரம் என்ன முயன்றேன், எது நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்று நினைக்கிறேன். நடக்காததை எழுத வெட்கப்படக் கூடாது. அந்தப் பக்கத்தில் மிக முக்கியமான வரி அதுதான். நெறியாளர் அதைப் படித்துவிட்டு வர வேண்டும். முதல் அரை மணி அந்தப் பக்கத்தைப் பற்றி. அடுத்த கால் மணி இருவரும் படித்த ஒரு கட்டுரையைப் பற்றி. கடைசிக் கால் மணியில் அடுத்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலையை முடிவு செய்ய வேண்டும். மூன்றாண்டு கழித்து அந்தப் பக்கங்களை அடுக்கினால் ஆய்வேட்டின் பாதி எழுதி முடிந்திருக்கும். எந்த பிராஜெக்ட் சென்டரும் தேவைப்படாது.

துறைத் தலைவர்களுக்கு: வகுப்புகளுக்குக் கால அட்டவணை போடுகிறீர்கள். ஆய்வுச் சந்திப்புக்கும் அதே அட்டவணையில் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் நெறியாளரை எந்தக் குழுக் கூட்டத்துக்கும் கூப்பிடாதீர்கள். இதற்கு அரசாணை வேண்டாம், நிதி வேண்டாம்.

பெற்றோர்களுக்கு: ‘எப்போ முடியும்?’ என்று கேட்பதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். உங்களுக்கு அந்த உரிமை உண்டு. அதோடு ‘இந்த வாரம் உங்க சாரைப் பார்த்தியா?’ என்றும் கேளுங்கள். முதல் கேள்விக்கான பதில் இரண்டாவதில் இருக்கிறது.

ஆய்வு மாணவர்களே, உங்கள் நெறியாளரும் இதே அரங்கில்தான் இருக்கிறார். பொன்னாடையும் படமெடுப்பும் முடிந்ததும் நேரே அவரிடம் போங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி என்று கேட்டுக் குறித்துக்கொண்டு மலை இறங்குங்கள்.